குரலாய்த் தொடங்கி முகமாய் நின்றவர்

மீன்பாடும் தேன்நாடு என்று போற்றப்படும் நம் மட்டக்களப்பு மாநிலம் புலவரைத் தந்தது, அண்ணாவிமாரைத் தந்தது, முத்தமிழ் வித்தகர் விபுலாநந்த அடிகளாரைத் தந்தது. ஆயின், வெள்ளித்திரையில் உலகறிய நடித்த ஒருவரைத் தந்ததோ என்று எவரேனும் வினவினால் நம்மவருட் பலர் சற்றே தயங்குவர். சிலர் பாலு மகேந்திராவின் பெயரைச் சொல்வர். சொன்ன மாத்திரத்திலேயே, அவர் நடிகரல்லரே, நெறியாளரன்றோ, ஒளிப்பதிவாளரன்றோ என்று தம்மைத் தாமே திருத்திக்கொள்வர். அத்திருத்தம் வேண்டுவதில்லை என்பதே நம் எண்ணம். அவருடைய கலைவாழ்வின் முதற்படிகளுள் ஒன்று, கொழும்பிலே இலங்கை வானொலி நாடகங்களில் நடித்தது. இறுதிப்படி, 2013ஆம் ஆண்டிலே ‘தலைமுறைகள்’ என்னும் படத்தில் ஒரு கிழவராகத் தாமே தோன்றியது. குரலாய்த் தொடங்கி முகமாய் முடிந்த அவ்வாழ்வின் இடைப்பட்ட நாற்பதாண்டிலும் அவர் பிறரை நடிக்கவைத்தார். இன்னுஞ் சரியாகச் சொன்னால், நடியாதிருக்கவைத்தார். அது எங்ஙனம் என்பதையும், வாவிக்கரையாராகிய நமக்கு அதனோடு என்ன உறவு என்பதையும் இம்மலரின் சில பக்கங்களில் எழுதிப் பார்க்க விழைகின்றோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுதல் நன்று. பாலு மகேந்திரா நம் கல்லூரியின் பழைய மாணவர் அல்லர். புளியந்தீவிலுள்ள புனித மிக்கேல் கல்லூரியிற் கற்றவர். விளையாட்டு மைதானத்திலே அவர்களுக்கும் நமக்கும் உள்ள கணக்குகளை மைதானத்திலேயே தீர்த்துக்கொள்வோம். கலைஞன் ஒருவனைப் பாராட்டுமுன் அவன் பெயர் எந்தப் பள்ளிக்கூடத்து இடாப்பில் இருந்தது என்று பார்ப்பது நமக்கு அழகன்று.

அவர் பிறந்த ஊர் அமிர்தகழி. பிறந்த நாள் 1939 மே 20. பெற்றோர் இட்ட பெயர் பாலநாதன் பெஞ்சமின் மகேந்திரன். அமிர்தகழி என்றதும் மாமாங்கேசுவரர் ஆலயமும், ஆடி அமாவாசையிலே ஆயிரமாயிரம் பேர் மூழ்கியெழும் அத்தீர்த்தக் குளமும் நம் நினைவிற்கு வரும். அவ்வூரிலே, நடுவில் பெஞ்சமின் என்னும் பெயரைத் தாங்கிய பிள்ளையொன்று வளர்ந்தது. கோயில் மணியும் தேவாலய மணியும் ஒரே காற்றில் வந்து கலக்கும் கரை நம்முடையது. இதனைப் பின்னர் ஓரிடத்தில் மீட்டும் நினைக்க நேரும்.

பள்ளிப் பருவத்திலேயே, அமெரிக்க யேசுசபைத் துறவிகள் பணியாற்றிய அக்கல்லூரியிலே, அவருக்கு உலக சினிமாவைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. இத்தாலிய நெறியாளர் விற்றோரியோ டி சிக்காவின் ‘சைக்கிள் திருடர்கள்’ என்னும் 1948ஆம் ஆண்டுப் படம் அவற்றுள் ஒன்று. நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாத ஒரு தொழிலாளியைத் தலைமைப் பாத்திரமாக நிறுத்தி எடுக்கப்பட்ட படம் அது. எம். கே. தியாகராஜ பாகவதரின் பாட்டையும் பி. யு. சின்னப்பாவின் வாள்வீச்சையும் சினிமா என்று நம் ஊரார் கண்டு மகிழ்ந்த காலத்தை அடுத்து, களவுபோன சைக்கிளைத் தேடித் தெருத்தெருவாய் அலையும் ஒரு தந்தையின் முகத்தை வாவிக்கரைப் பையன் ஒருவன் இமையாமற் பார்த்திருக்கின்றான்.

அடுத்தது கித்துள்கலை. ஆங்கில நெறியாளர் டேவிட் லீன், ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் படத்தைக் களனி கங்கைக் கரையிலே எடுத்துக்கொண்டிருந்தார். அமெரிக்க நடிகர் வில்லியம் ஹோல்டன், ஆங்கில நடிகர் அலெக் கின்னஸ், யப்பானிய நடிகர் செசுவே ஹயகாவா ஆகியோர் அங்கே நடித்தனர். 1957இல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்ற படம் அது. கின்னஸுக்குச் சிறந்த நடிகர் விருதும் அதனாலேயே கிடைத்தது. பள்ளிச் சுற்றுலாவில் அங்கே சென்ற மகேந்திரன் கண்டது ஹோல்டனையுமன்று, கின்னஸையுமன்று. மழை என்று ஒருவர் கட்டளையிட, மழை பொழிந்தது! குழாய்கள் பொழிந்த மழைதான். எனினும், சொன்னவுடன் மழை பெய்விக்கும் அந்த மனிதராகத் தாமும் ஆகவேண்டும் என்று அன்று மனத்திற் கொண்டதாக அவர் பிற்காலத்திற் பலமுறை சொல்லியிருக்கின்றார். நடிகரைக் காணச் சென்ற கூட்டத்தில் நடிகரைப் பார்க்காமல் மழையைப் பார்த்து நின்ற பையன் ஒருவன் இருந்தான் என்பதே நமக்கு இங்கு முக்கியமாகும்.

இலண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றபின், கொழும்பிலே நில அளவைத் திணைக்களத்திற் படவரைஞராக அவர் சிறிதுகாலம் வேலை பார்த்தார். ‘தேனருவி’ என்னும் இலக்கிய இதழை ஆசிரியராயிருந்து நடத்தினார். சிங்கள நாடகக் குழுவினரோடு பழகினார். வானொலி நாடகங்களில் நடித்ததும் இக்காலத்திலேதான்.

வானொலி நடிப்பை இந்நாளைய மாணவர் எளிதாக எண்ணிவிடக் கூடாது. அங்கே முகமில்லை, கையில்லை, ஒப்பனையில்லை, திரைச்சீலையுமில்லை. ஒலிவாங்கி வாயருகே நிற்பதால் உரத்துப் பேசவும் இயலாது. உரத்துப் பேசினால் பொய் உடனே தெரிந்துவிடும். மூச்சை அடக்கத் தெரியவேண்டும். பேசுவதிலும் பார்க்கப் பேசாதிருக்குமிடத்தை அறிந்திருக்கவேண்டும். அமெரிக்க நாட்டிலே ஓர்சன் வெல்ஸ் என்னும் நடிகர், 1938இல் செவ்வாய்க் கிரகத்தார் படையெடுத்து வந்தனர் என்னும் வானொலி நாடகத்தாற் கேட்டவர் பலரை அஞ்சவைத்து, 1941இல் ‘சிற்றிசன் கேன்’ என்னும் படத்தைத் தாமே நெறிப்படுத்தித் தாமே நடித்து உலகப் புகழ் பெற்றார். ஒலிக்கூடத்தினின்று நேரே ஹொலிவூட்டுக்குப் போக அவருக்கு வழியிருந்தது. நம் மகேந்திரனுக்கோ கொழும்பிலிருந்து போவதற்கு வழியொன்றும் இருக்கவில்லை. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’ என்னும் படத்தால் சிங்கள சினிமாவை அரங்கக் கூடத்தினின்று வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஈழத்துத் தமிழ்ப் படமோ 1960களின் தொடக்கத்திலேதான் தவழத் தலைப்பட்டது. அதுவும் நெடுந்தூரம் நடக்கவில்லை. தமிழிற் படமெடுக்க விரும்பியவன் கடல் கடக்க வேண்டியிருந்தது, அவரும் கடந்தார்.

1966இல் பூனா திரைப்படக் கல்லூரியிற் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது ஒளிப்பதிவுத் துறை. ஏனைய துறைகளில் இடம் கிடையாமையால் அதனை ஏற்றார். 1969இல் தங்கப் பதக்கத்தோடு வெளியேறினார். விரும்பிய கதவு மூடியிருக்க, திறந்திருந்த கதவால் நுழைந்தவர், அவ்வறையையே தம் மாளிகையாக்கிக்கொண்டார். மலையாள நெறியாளர் ராமு காரியாட்டின் ‘நெல்லு’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்து 1974ஆம் ஆண்டுக்குரிய கேரள அரசின் விருதைப் பெற்றார். பின்னர் மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ (1978), கே. விசுவநாத்தின் ‘சங்கராபரணம்’ (1980), மணிரத்தினத்தின் முதற்படமாகிய கன்னடப் ‘பல்லவி அனு பல்லவி’ (1983) ஆகியவற்றுக்கும் ஒளிப்பதிவாளர் அவரே. தாமே நெறிப்படுத்திய முதற்படம் 1977இல் வெளிவந்த ‘கோகிலா’. கறுப்பு வெள்ளையில், கன்னடத்தில், கமல்ஹாசனும் ஷோபாவும் நடிக்க எடுத்தது; ஒளிப்பதிவுக்கு இந்தியத் தேசிய விருதும் பெற்றது. தமிழில் ‘அழியாத கோலங்கள்’ 1979இலும், ‘மூடுபனி’ 1980இலும் வந்தன. தெலுங்கு, மலையாளம், இந்தி என்று பிறமொழிப் படங்களும் உள. அவற்றையெல்லாம் இங்கு வரிசைப்படுத்தப் புகின் மலரின் எஞ்சிய பக்கங்கள் போதா.

நம் கவனத்துக்குரியது அவர் நடிகரை நடத்திய முறை. சூழவுள்ள வெளிச்சத்தையே பெரிதும் நம்பிப் படம்பிடித்தவர் அவர். யன்னலால் வரும் ஒளி, மாலை வெயில், மலைப்புகார், இவையே அவருக்கு விளக்குகள். சுற்றி நின்று சுடும் பெருவிளக்குகள் குறைந்தால் நடிகனின் கூச்சமும் குறைகின்றது. தடித்த ஒப்பனை வேண்டாதொழிகின்றது. நிற்கவேண்டிய இடத்தைச் சுண்ணக்கோட்டால் அடைத்துக் காவல் செய்யவேண்டிய கட்டாயமும் தளர்கின்றது. ஒளிப்பதிவின் நுட்பம் என்று விமரிசகர் பாராட்டியது உண்மையில் நடிப்புக்கு அவர் அமைத்துக்கொடுத்த களரி என்றே நாம் கருதுகின்றோம்.

களரி என்னும் சொல் வந்துவிட்டமையால் இவ்விடத்திற் சற்றுத் தங்கிச் செல்லவேண்டும். மட்டக்களப்பாருக்கு நடிப்பென்றால் கூத்து. வடமோடியாயினும் தென்மோடியாயினும் சட்டங்கொடுத்து, மாதக்கணக்கிற் பழகி, சதங்கை அணிந்து, கிழமைக்கூத்து ஆடி, அரங்கேற்றத்தன்று வட்டக் களரியிலே விடியும்வரை ஆடுவது நம் மரபு. நடுவில் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார், சல்லரி ஒலிக்கும், பிற்பாட்டுக்காரர் தொடர்ந்து பாடுவர். அரசன் வரவில் திரைவிலகியதும் கரப்புடுப்பும் கிரீடமும் தீப்பந்தத்தின் ஒளியில் மின்னும். தான் இன்னான், இன்ன நாட்டான், இன்ன வீரத்தான் என்று அவன் தானே பாடியாடித் தன்னை அறிவிப்பான். கடைசி வரிசையிற் பாயில் உறங்கிக்கிடக்கும் பிள்ளையும் விழித்தெழும்படி அடிக்கவேண்டும் தாளக்கட்டு. பேராதனையிலே பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை நகர மேடைக்குக் கொணர்ந்து சுருக்கியமைத்தபோதும் அந்த வீறு குறையவில்லை. விபுலாநந்த அடிகளார் ‘மதங்கசூளாமணி’யிலே சேக்சுபியரின் நாடகங்களைச் சுவைநோக்கி ஆராய்ந்தாரென்றால், அடிகளாருக்கு முன்னரே இக்களரிகள் அவர் காதில் ஒலித்திருக்கும் என்று நினைப்பதில் தவறில்லை.

இத்தகைய உரத்த கலையின் நடுவே பிறந்தவர், நடிகன் கண்ணை உயர்த்துவதையும் எண்ணிப் பார்த்தே அனுமதிக்கும் மௌனக் கலைஞராக எங்ஙனம் ஆனார்? கூத்தை மறந்தமையால் என்று சொல்வார் உளர். நாம் அதற்கு உடன்படோம். சான்று ‘மூன்றாம் பிறை’.

1982இல் வெளிவந்த அப்படத்திலே, விபத்தில் நினைவிழந்து குழந்தைபோலாகிவிட்ட ஒரு பெண்ணை ஊட்டியிலே பள்ளி ஆசிரியன் ஒருவன் பேணிக் காக்கின்றான். அவள் நினைவு மீள்கின்றது. மீண்டபோது அவனை அறியாதவளாகின்றாள். புகையிரத நிலையத்திலே, மழையிலும் சேற்றிலும், அவள் ஏறியிருக்கும் பெட்டியின் யன்னலை நோக்கி அவன் குரங்குபோல ஆடுகின்றான். பானையைத் தலையில் வைத்துக் குதிக்கின்றான். முன்பு அவளைச் சிரிக்கவைத்த சேட்டைகளையெல்லாம் செய்கின்றான். அவளோ எவனோ பித்தன் என்று எண்ணிப் பார்க்கின்றாள். வண்டி நகர்ந்துவிடுகின்றது. கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதையும், பாலு மகேந்திராவுக்கு ஒளிப்பதிவு விருதையும் அப்படம் பெற்றுத் தந்தது. சிறீதேவிக்கு அன்று தேசிய விருதில்லை. அறியாதவளாய்ப் பார்க்கும் அந்தப் பார்வை இல்லையேல் கமலின் ஆட்டம் வெறுங் குதிப்பாய் முடிந்திருக்கும் என்பது நம் கட்சி.

இப்படத்தை நம்மிற் பலர் திரையரங்கிற் பார்த்ததில்லை. 1980களின் பிற்பகுதியிலே, மின்சாரம் நின்றுபோன கிராமமொன்றில், காசு சேர்த்து டெக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும் வாடகைக்கு எடுத்து, வளவுக்குப் பின்னால் ஜெனரேற்றர் உறும, முற்றத்து மணலில் இருந்து பார்த்தோம். வெளியே எந்த வாகனத்தின் ஒலி கேட்டாலும் பெட்டியை அணைத்துவிட ஒருவர் ஆயத்தமாய் நின்றார். அந்தக் கடைசிக் காட்சி வந்தபோது பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். சிரிக்க வேறு வழியில்லாத காலம் அது. முன்வரிசையில் இருந்த முதிய அண்ணாவியார் ஒருவர் திரும்பிப் பார்த்து, “சிரிக்காதீங்க மனே. அவன் களரியில நிண்டு ஆடுறான், சபையில ஒருத்தருமில்ல” என்றார். அதன்பின் ஒருவரும் சிரிக்கவில்லை. தான் இன்னான் என்று ஆடிப்பாடி அறிவிக்கும் வரவு ஆட்டத்தையே அவர் அக்காட்சியிற் கண்டார். அறிவிக்கின்றான், அறிவார் இல்லை. உரத்த ஆட்டத்தை வெட்டியெறியாமல், எதிரே ஒரு மௌனத்தை நிறுத்தி அதனைத் தாங்கொணாததாக்கிய கைவண்ணம் கூத்தறியாதவனுக்கு வாய்க்குமோ? விமரிசன நூல்கள் பல படித்தும் அந்த அண்ணாவியாரின் சொல்லுக்கு மேலாக ஒன்றை நாம் கண்டிலம்.

‘வீடு’ 1988இல் வந்தது. வாடகை வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட, உழைத்து வாழும் இளம்பெண் ஒருத்தி, பாட்டனையும் தங்கையையும் வைத்துக்கொண்டு, சென்னையிலே சிறு வீடொன்றைக் கட்ட முயல்கின்றாள். அனுமதிப் பத்திரம், கடன், ஒப்பந்தக்காரனின் திருட்டு, முடிவில் அந்நிலமே அவளுக்கில்லை என்னும் செய்தி. கதை இவ்வளவே. பாட்டில்லை, சண்டையில்லை. அர்ச்சனா சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றார். பாட்டனாராக வந்தவர் சொக்கலிங்க பாகவதர். பழைய இசைநாடக மேடையில் வளர்ந்தவர். மேடை நடிகனுக்குச் சினிமாவில் இடமில்லை என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், தள்ளாத வயதினரான அம்மேடைக்காரரைக் கொணர்ந்து, குரலெழுப்பாமல் நடக்கவைத்தார் நெறியாளர். அரைகுறையாய் எழுந்து நிற்கும் வீட்டைப் பார்க்க அம்முதியவர் தனியே போகின்றார். சுவரைத் தடவுகின்றார், அறையறையாய் நுழைந்து வருகின்றார், முகத்திலே ஒரு நிறைவு. வீடு திரும்புமுன் உயிர் பிரிந்துவிடுகின்றது. 1990இல் வீட்டுக் கதவைப் பூட்டித் திறப்பை மடியிற் செருகிக்கொண்டு அகதி முகாமுக்குச் சென்று, திரும்பிவந்து சுவரை மட்டும் தடவிப் பார்த்த நம் ஊர்க் கிழவர் சிலருக்கு, இக்காட்சியை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்பாகவதரே ‘சந்தியா ராக’த்திலும் (1989) தலைமைப் பாத்திரம். மனைவியை இழந்த கிழவர் கிராமத்தினின்று நகருக்கு வந்து, ஏழைக் குடும்பமொன்றிற் பாரமாய் நின்று தவிக்கும் கதை. திரையரங்கில் ஓடும் பொருட்டன்றித் தூரதர்சன் வழியாக வீட்டுக்குள் வந்து சேர்ந்த படம் என்பதால், தொலைக்காட்சிக்கு ஏற்ற நடிப்பு எது என்பதை அவர் அன்றே கண்டிருந்தார் என்னலாம். சிறு பெட்டிக்குள் முகம் அருகே வந்துவிடுகின்றது. வானொலியிற் குரல் அருகே வந்ததுபோல.

அந்த அறிவு முழுவதும் பயன்பட்ட இடம் ‘கதை நேரம்’. ‘ராமன் அப்துல்லா’ (1997) என்னும் படத்திற்கும் ‘ஜூலி கணபதி’க்கும் (2003) இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பெரிய திரையை விட்டு விலகியிருந்து, சன் தொலைக்காட்சிக்காகச் சுஜாதா, மாலன் முதலிய எழுத்தாளரின் சிறுகதைகளைக் குறும்படங்களாக்கினார். கிழமைக்கு ஒன்றாக ஐம்பத்திரண்டு கதைகள். ஒவ்வொன்றும் அரைமணி நேரத்துள் அடங்குவது. நெடுந்தொடர்களிலே மாமியாரும் மருமகளும் ஆண்டுக்கணக்கில் அழுதுகொண்டிருந்த அக்காலத்தில், ஒரே நடிகையை இக்கிழமை மனைவியாகவும் மறுகிழமை வேறொரு பெண்ணாகவும் நிறுத்தி, உடையை மாற்றாமற்கூட ஆளை மாற்றிக்காட்ட இயலும் என்பதை அவர் மெய்ப்பித்தார். ‘தேனருவி’ ஆசிரியர் மீண்டும் ஓர் இதழ் நடத்தினார் என்றே அதனை நாம் பார்த்தோம்; தாளுக்குப் பதில் ஒளி. நம் கல்லூரித் தமிழ் மன்றத்தார் பரிசுக்கதைகளை நாடகமாக்கும்போது, பக்கம்பக்கமாய் வசனம் எழுதுமுன் இவற்றுட் சிலவற்றையேனும் பார்த்தல் நலம்.

நிற்க. நம்மவர் நெடுநாளாகச் சொல்லிவரும் குறையொன்று உண்டு. இத்தனை படங்கள் எடுத்தாரே, ஒன்றிலேனும் நம் வாவி உண்டா? கல்லடிப் பாலம் உண்டா? தோணியும் கண்டல் மரமும், நம் பேச்சும் உண்டா? 1983 யூலையில் ‘மூன்றாம் பிறை’யின் இந்தி வடிவமாகிய ‘சத்மா’ அங்கே திரையிடப்பட்ட நாட்களில் இங்கே கடைகளும் வீடுகளும் மனிதரும் எரிந்தனர். அதைப் பற்றி ஒரு படமேனும் எடுத்தாரா? இவ்வினாக்கள் அநியாயமானவை அல்ல. அவருடைய பாத்திரங்கள் சென்னைத் தமிழ் பேசினர், கன்னடம் பேசினர், இந்தி பேசினர். அமிர்தகழித் தமிழ் மட்டும் பேசவில்லை. அதற்காக அவரை விலக்கிவைப்பார் பக்கத்தில் நாம் இல்லை. குறையே இல்லை என்று பூசி மெழுகவும் மாட்டோம். தமிழ்நாட்டுச் சந்தைக்குப் படமெடுத்தவர்க்கு நம் பேச்சைத் திரையில் ஏற்றுவது எளிதன்று என்பது உண்மை. 2000ஆம் ஆண்டில் ‘தெனாலி’ வந்தபோது கமல்ஹாசன் பேசிய ஈழத்தமிழைத் தமிழகம் முழுவதும் கேட்டுக் களித்தது. ஆனால் நகைச்சுவையாகவே கேட்டது. அந்தச் சிரிப்புக்குத் தம் தாயின் பேச்சை ஒப்புக்கொடுக்க ஒருவர் விரும்பாதிருந்தால் அவரை நம்மாற் குறைகூற இயலவில்லை.

இவ்வழக்கு இங்ஙனம் தீராமற் கிடக்கையிலேதான், எழுபத்துநான்காம் வயதில் அவர் ‘தலைமுறைக’ளை எடுத்தார். 2013 டிசெம்பர் 20ஆம் நாள் அது வெளிவந்தது. எழுதியவர், நெறிப்படுத்தியவர், ஒளிப்பதிவு செய்தவர், படத்தொகுப்புச் செய்தவர், தலைமைப் பாத்திரமாய் நடித்தவர், யாவும் அவரே. நிழற்படம் எடுக்கும் சிறிய எண்ணியற் கருவி ஒன்றாலேயே முழுப்படத்தையும் எடுத்தார். எந்நாளும் அவர் தலையிலிருந்து அடையாளமாகவே ஆகிவிட்ட தொப்பி இப்படத்தில் இல்லை. முதிர்ந்த தலையும் வெண்தாடியும் தளர்ந்த நடையுமாய், வாழ்நாளெல்லாம் பிறர்மேல் விழுத்திய ஒளியிலே தாமே வந்து நின்றார்.

கதை இது. கிறித்தவப் பெண்ணை மணந்துகொண்டமைக்காக மகனைப் பல்லாண்டுகள் ஒதுக்கிவைத்த சைவக் கிழவர் சுப்பு நோயுறுகின்றார். மகன் மனைவியோடும் பிள்ளையோடும் ஊருக்கு வருகின்றான். பேரனுக்குத் தமிழ் தெரியாது. பாட்டனுக்கு ஆங்கிலம் தெரியாது. முறைத்துப் பார்த்த கிழவர் மெல்ல மெல்லப் பேரனின் கையைப் பிடித்து ஆற்றங்கரையில் நடக்கத் தொடங்குகின்றார், எழுத்துக் கற்பிக்கின்றார். அமிர்தகழியில் பெஞ்சமின் என்னும் பெயரோடு வளர்ந்தவர் எழுதிய கதை இது என்பதை நாம் மறத்தல் கூடுமோ? இலண்டன் பட்டதாரியாகிய அவர், ஆங்கிலம் அறியாத கிராமத்தவராக நடித்தார். பிள்ளை சொல்லும் ஆங்கிலச் சொல்லைக் கேட்டு விழிக்கும்போது அவர் முகத்தில் தெரியும் நாணம் நடித்துக்காட்டிய நாணமாகத் தோன்றவில்லை. குரல் தாழ்ந்தே இருக்கின்றது. ஒலிவாங்கி முன் பயின்றவர் மூச்சை எங்கே விடுவது என்பதை ஐம்பதாண்டுக்குப் பின்னும் மறக்கவில்லை.

நெறியாளர்கள் தம் படத்திலே தாமே தோன்றுவது புதிதன்று. பெரும்பாலும் அது தம்மைக் காட்டும் ஆசையாக முடியும். இங்கே நேர்ந்தது வேறு. பேரனாக நடித்த சிறுவனுக்கே பல காட்சிகளை அவர் விட்டுக்கொடுத்துவிட்டுத் தாம் பக்கத்தில் இருந்து பார்க்கின்றார். படத்திற் குறையில்லையா எனின், உண்டு. சில துணைப்பாத்திரங்கள் வசனத்தை ஒப்புவிக்கின்றன. இரண்டோர் இடத்தில் தமிழ்ப்பற்று உரையாகவே வந்துவிடுகின்றது. ஆயினும் கிழவரும் பேரனும் சேர்ந்திருக்குமிடமெல்லாம் அவற்றை மறக்கச் செய்கின்றது.

ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் மெல்பேணிலும் வாழும் நம் பழைய மாணவர்களே, இப்படம் உங்களுக்காகவே எடுக்கப்பட்டதோ என்று நாம் ஐயுற்றதுண்டு. விடுமுறைக்கு ஊர் வரும் உங்கள் பேரப்பிள்ளைகள் கல்லடிக் கடற்கரையில் ஓடிவிளையாடுவதைக் காண்கின்றோம். அம்மம்மா ஏதோ சொல்ல, அவர்கள் தாயின் முகத்தைப் பார்க்கின்றார்கள், தாய் மொழிபெயர்க்கின்றாள். அம்மம்மா சிரித்துவிட்டுத் திருநீற்றை எடுத்து நெற்றியிற் பூசிவிடுகின்றார். அதற்கு மொழி வேண்டியதில்லை. பின்னர் வாசற்படியில் இருந்து அவர் நெடுநேரம் வாவியைப் பார்த்துக்கொண்டிருப்பதையும் அயலவராகிய நாம் காண்கின்றோம். வாவியைப் படமாக்கவில்லை என்று நாம் வழக்காடியவர், அந்த வாசற்படியைப் படமாக்கியிருக்கின்றார். ஆறு காவிரி நாட்டினதாயிருக்கலாம். வாசற்படி நம்முடையது.

படம் வெளிவந்து இரண்டு மாதம் நிறையுமுன், 2014 பெப்ரவரி 13ஆம் நாள் சென்னையிலே அவர் காலமானார். தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருது ‘தலைமுறைக’ளுக்கு என்று அறிவிக்கப்பட்டபோது அதனைப் பெற அவர் இல்லை. பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி என்று அவரிடம் பயின்ற நெறியாளர் ஒரு வரிசையாய் நிற்கின்றனர். 2007இல் அவர் தொடங்கிய ‘சினிமாப் பட்டறை’யிற் பயின்றோரும் உளர். ஆனால் அவர் எடுத்த படங்களின் நிலை அத்துணை நன்றாயில்லை. ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ முதலியவற்றின் மூலப்படச் சுருள்கள் அழிந்தொழிந்தன என்று அவரே தம் இறுதிக்காலத்தில் வருந்தினார். தமிழ்ப் படங்களுக்கு ஆவணக்காப்பகம் ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

அது தமிழகத்தார் பார்க்கவேண்டிய பணி. நமக்குரிய பகுதியும் ஒன்றுண்டு. அவர் கொழும்பில் நடத்திய ‘தேனருவி’யின் இதழ்கள் நம் முதியோர் சிலரது மரப்பெட்டிகளிலும் பரண்களிலும் இன்றும் கிடக்கக்கூடும், சூறாவளிக்கும் கடல்கோளுக்கும் போருக்கும் தப்பியவை எத்தனை என்பது பெட்டியைத் திறந்தாற்றான் தெரியும். அவர் குரல் கொடுத்த வானொலி நாடகங்களின் கையெழுத்துப் பிரதிகள், நிகழ்ச்சி அறிவித்தல்கள், அக்கால நிழற்படங்கள் முதலியனவும் அவ்வாறே. எவரிடமேனும் இருப்பின், கறையான் கொள்ளுமுன் நம் கல்லூரி நூலகத்துக்குத் தந்துதவுக; தர மனமில்லாதவர்கள் ஒரு நாள் இரவல் தந்தாலும் போதும், படியெடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம். புனித மிக்கேல் கல்லூரி நண்பர்கள் கேட்டால் அவர்களுக்கும் ஒரு படி கொடுப்போம்.